நிப்பாட்டிப் போட்டுப் பாருங்கோ

இன்ரநெற் வேலை செய்யாத வீட்டுக்கு இந்த நாட்டில் கிடைக்கிற முதல் மருந்து ஒன்றுதான்: "நிப்பாட்டிப் போட்டுப் பாருங்கோ." ஹொட்லைனில் இருக்கிறவர் சொல்லுவார். பக்கத்து வீட்டு அண்ணா சொல்லுவார். எங்கேயோ ஐடி படிக்கிற ஒன்றுவிட்ட தம்பி சொல்லுவான். இப்ப அம்மாமாரே சொல்லத் தொடங்கிவிட்டார்கள். ரவுட்டரை நிப்பாட்டி, பத்து மட்டும் எண்ணி, திரும்பப் போட்டால் பாதி நேரம் வேலையும் செய்யும். வில்லங்கம் அதிலதான் இருக்கு. வேலை செய்துவிட்டால், ஏன் வேலை செய்யாமல் போனது என்று பிறகு ஒருத்தரும் கேட்பதில்லை. காய்ச்சலுக்குப் பனடோல் போட்டுவிட்டு டெங்குவா என்று பார்க்காமல் விடுகிற மாதிரி.

நிப்பாட்டிப் போடுகிறதில் மந்திரம் ஒன்றும் இல்லை. ரவுட்டர் ஒரு சின்னக் கொம்பியூட்டர். அதுக்குள்ளும் மெமரி இருக்கு, அதுக்குள்ளும் ஏதாவது ஒரு புரோகிராம் இறுகி நிற்கும், சூடு ஏறும். கரண்டை எடுத்தால் எல்லாம் வெறுமையாகி முதலில் இருந்து தொடங்குகிறது. மாதத்துக்கு ஒருக்கா இது தேவைப்பட்டால் பரவாயில்லை. ஒரு நாளைக்கு மூன்று தரம் தேவைப்பட்டால் எங்கேயோ ஒன்று பழுது. எங்கே என்று தெரியாமல் புதுப்பெட்டி வாங்குவதும், பெரிய பக்கேஜுக்கு மாறுவதும் காசைக் கிணத்துக்குள் போடுகிற வேலை. எங்கே பழுது என்பதைக் கண்டுபிடிக்கிறது பாவிக்கிறவர்களாலும் முடியும், அதுக்கு வழிவிட வேண்டியது லைன் விற்கிறவர்களின் கடமை. இதுதான் எங்கட கட்சி.

நாங்கள் என்றால் திருநெல்வேலியில் ஒரு போடிங்கில் இருக்கிற ஏழு பெட்டையள். ஏழு பேரும் கலைப்பீடம். ஃபைபர் லைன் வீட்டுக்கார அன்ரியின் பெயரில். பில்லை நாங்கள் ஏழு பேரும் பிரித்துக் கட்டுகிறோம்.

கலைப்பீடத்துக்கு எதுக்கு இவ்வளவு இன்ரநெற் என்று கேட்கிறவையும் இருக்கினம். பாடக்குறிப்பு இணையத்தில். அசைன்மென்ற் ஒப்படைக்கிற பக்கம் இரவு 11.59க்குப் பூட்டிக்கொள்ளும். நூலகம் தளம் 2005இல் இருந்து சேர்த்து வைத்திருக்கிற பழைய பத்திரிகைகளும் சஞ்சிகைகளும் இல்லாவிட்டால் எங்களில் மூன்று பேருக்கு ஆய்வுக்கட்டுரையே இல்லை. அவை ஒவ்வொன்றும் பெரிய பெரிய பிடிஎஃப். 2020இல் கம்பஸ்கள் மூடி விரிவுரைகள் சூமுக்குப் போன நேரம், லேர்ன் என்கிற கல்வி வலையமைப்பு ஊடாகப் போன விரிவுரைகளுக்கு டேட்டா வெட்டாமல் விட்டார்கள். அந்தக் காலம் முடிஞ்சுது, ஒன்லைன் பழக்கம் முடியேல்லை. போன வருசம் ஒரு ஒன்லைன் பரீட்சை நடுவில் வைபை செத்துப்போய், எங்களில் ஒருத்தி மஹாபொல காசில் ரீலோட் பண்ணி, போன் டேட்டாவில் மிச்சத்தை எழுதி முடித்தாள். அந்த மாதம் அவள் இரவுச் சாப்பாட்டைக் குறைத்தாள். "நெற்வேர்க் பிரச்சினை எண்டு சொல்லாதைங்கோ, எல்லாரும் அதைத்தான் சொல்லுறியள்" என்பது விரிவுரையாளர்களின் வழக்கமான பதில். எல்லாரும் அதையே சொல்லுவது எல்லாருக்கும் அது நடக்கிறதாலயாகவும் இருக்கலாம் என்பது அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

எங்கள் வீட்டு வருத்தம் இப்படி: பின்னேரம் ஏழு மணிக்குப் பிறகு, போனில் வைபைக் கோடு முழுசாக இருக்கும், ஒரு பக்கமும் திறக்காது. நிப்பாட்டிப் போட்டால் நாற்பது நிமிசம் ஓடும். பேந்து அதே கதை.

அன்ரி ஹொட்லைனுக்கு எடுத்தா. தமிழுக்கு ஒரு இலக்கத்தை அழுத்தி, பாட்டுக் கேட்டு, கடைசியில் ஆங்கிலத்தில் கதைக்கிற ஒருவர் வந்தார். நிப்பாட்டிப் போடச் சொன்னார். இரண்டாம் முறை எடுத்தபோது, பின்னுக்கு இருக்கிற துளைக்குள் ஊசியை விட்டு அமத்தச் சொன்னார்கள். இதைச் சொல்லுகிறபோது ஒரு விசயத்தை அவர்கள் சொல்லுவதில்லை: அந்தத் துளை சும்மா மறுதொடக்கம் செய்யாது, பெட்டியில் நாங்கள் வைத்திருந்த பெயர், பாஸ்வேர்ட் எல்லாவற்றையும் அழித்துத் தொழிற்சாலையில் இருந்து வந்த நிலைக்குக் கொண்டுபோகும். சில லைன்களில் இணைப்புக்கான பயனர் பெயரும் சேர்ந்து அழியும்; பிறகு ஆள் வந்துதான் திரும்பப் போடவேணும். நோகுது என்று போனவரின் பல்லைக் கேட்காமல் பிடுங்குகிற வைத்தியம். மூன்றாம் முறை, "நீங்கள் கன பேர் பாவிக்கிறியள், பெரிய பக்கேஜுக்கு மாறுங்கோ" என்றார்கள். மாதம் 1,400 ரூபா கூட. தலைக்கு 200. ஒரு நேரச் சாப்பாட்டுப் பார்சலுக்குக் கணக்குப் பார்க்கிற ஆக்களிடம் இது சின்னக் காசில்லை.

அப்பதான் நாங்கள் ஒரு கொப்பி போட்டோம். நாங்கள் படிக்கிறது வரலாறும் சமூகவியலும். ஆதாரம் இல்லாமல் ஒரு முடிவுக்கு வரக்கூடாது என்பதைத்தான் எங்களுக்கு மூன்று வருசமாகப் படிப்பிக்கிறார்கள். அதை ஒரு பெட்டிக்குச் செய்து பார்க்கிறதுக்குப் பொறியியல் பட்டம் தேவையில்லை. எத்தனை மணிக்கு நின்றது, எந்த லைற் எரிந்தது, எத்தனை பேர் வீட்டில், நிப்பாட்டாமல் விட்டால் தானாக வந்ததா. பதினொரு இரவு எழுதினோம்.

கேள்வி மூன்றுதான்: லைனா, பெட்டியா, காத்தா? அதுக்கு முதல் அரைக் கேள்வி ஒன்று இருக்கு: டேட்டா முடிஞ்சுதா? பகல் டேட்டா வேறு, இரவு டேட்டா வேறு என்று பிரித்து விற்கிற பக்கேஜ்கள் இருக்கிற நாடு இது. அளவு முடிந்ததும் லைன் அறுபடாது, வேகம் மட்டும் நத்தையாகும். அதைப் பழுது என்று நினைத்துப் பெட்டி மாத்தினவர்களை நாங்கள் அறிவோம். கொம்பனியின் செயலியைத் திறந்து பார்த்தால் அரை நிமிசத்தில் தெரிகிற விசயம்.

லைன் என்பது தெருக் கம்பத்தில் இருந்து பெட்டி வரைக்கும். ஃபைபரில் வருவது வெளிச்சம். பெட்டியில் எல்.ஓ.எஸ் என்று எழுதின லைற் சிவப்பாக எரிந்தால் அந்த வெளிச்சம் வந்து சேரவில்லை என்று அர்த்தம். அணில் கடித்திருக்கலாம், மாமரக் கொப்பு விழுந்திருக்கலாம், அலுமாரியை நகர்த்தினபோது கேபிள் மடிந்திருக்கலாம். கண்ணாடி இழை, மடித்தால் உடையும். அந்த நேரம் எந்தப் புது ரவுட்டரும் உதவாது. இன்னும் செப்புக் கம்பியில் ஓடுகிற வீடுகள் என்றால், மழை பெய்தால் அறுபடுகிறதா என்று பாருங்கோ. ரெலிபோனைத் தூக்கினால் கரகரப்புக் கேட்கும். கார்த்திகை மார்கழியில் மட்டும் வருகிற அந்த வருத்தம் எங்கேயோ ஒரு மூட்டுக்குள் தண்ணி போனதால் வருவது. கொம்பனி ஆள் ஏணி வைத்து ஏறத்தான் வேணும்.

பெட்டியா லைனா என்பதைப் பிரிக்க ஒரு கேபிள் போதும். புதுப்பெட்டிகளோடு சும்மா வருகிற அந்தக் குட்டைக் கேபிள்தான்; அதை ஒருத்தரும் பாவிக்கிறதில்லை, லாச்சிக்குள் கிடக்கும். லப்டொப்பை அதால் ரவுட்டரோடு நேராகத் தொடுத்து, வைபையை நிப்பாட்டிவிட்டு, கறுப்புத் திரை இரண்டைத் திறந்து பிங் என்கிற கட்டளையை ஓடவிட வேணும். ஒன்றில் ரவுட்டரின் சொந்த முகவரி. கன பெட்டிகளில் அது 192.168.1.1, இல்லாவிட்டால் பெட்டிக்குக் கீழே ஒட்டியிருக்கும். மற்றதில் வெளியில் இருக்கிற ஒரு முகவரி, 8.8.8.8 என்பது கூகிளுடையது, மனதில் நிற்கும். ஒவ்வொரு செக்கனும் "நிக்கிறியா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிற வேலை அது. இன்ரநெற் நிற்கிற நேரம் இரண்டு திரையையும் பாருங்கோ. வெளி முகவரி மட்டும் பதில் சொல்லாமல் விட்டால் பெரும்பாலும் லைன், அல்லது அதுக்கு அங்கால் கொம்பனி. இரண்டும் சேர்ந்து நின்றால் பெட்டி. இரண்டும் ஒழுங்காக ஓட, போன்கள் மட்டும் செத்துக் கிடந்தால் காத்து, அதாவது வைபை.

எங்கள் கொப்பியில் பதினொரு இரவிலும் மூன்றாவதுதான். கேபிளில் தொடுத்த லப்டொப்பில் ஒரு நாளும் அறுபடவில்லை. லைன் சுகம். பக்கேஜும் சுகம். மாதம் 1,400 ரூபா கூடக் கட்டியிருந்தால் அதே வைபை அதே ஏழு மணிக்குச் செத்திருக்கும்.

காத்தில் பழுது என்றால் அதுக்குள்ளும் பல வகை. வைபை என்பது ஒரு மைக்கை எல்லாரும் மாறி மாறிப் பிடித்துக் கதைக்கிற கூட்டம். ஒரு நேரத்தில் ஒரு ஆள்தான். தூரத்தில் இருக்கிற, சிக்னல் குறைந்த போன் மெல்ல மெல்லக் கதைத்து மற்றவர்களின் நேரத்தையும் தின்னும். 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சனல் 1, 6, 11 என்று மூன்றுதான். எங்கள் ஒழுங்கையில் நின்று போனைப் பார்த்தால் பதினான்கு வைபைப் பெயர் தெரியும். அவ்வளவு பேரும் அந்த மூன்றுக்குள்தான் நெருக்குப்படுகிறார்கள். குசினியில் மைக்ரோவேவ் இருந்தால் அதுவும் அதே அலைவரிசைக்குள்தான் சத்தம் போடும். 5 கிகாஹேர்ட்ஸில் இடம் தாராளம், வேகமும் கூட. ஆனால் சுவரைக் கண்டால் களைத்துப்போகும். யாழ்ப்பாணத்துப் பழைய கல்வீடுகளின் சுவரை எந்த அலையும் லேசில் தாண்டாது. அலுமாரிக் கண்ணாடியும் தண்ணித் தாங்கியும் அதே மாதிரி. அப்படியிருக்க, ரவுட்டரை எங்கே வைக்கிறோம்? வயர் உள்ளே வருகிற மூலையில், ரிவிக்குப் பின்னால், சாமிப் படத்துக்குக் கீழே, பூ வேலைத் துணி போட்டு மூடி. துணி போட்டால் சூடு போகாது.

நாங்கள் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு போனோம். செத்த நேரம் போனைப் பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தும் பார்த்தோம், உயிர் வரேல்லை. அப்ப சுவர் காரணமில்லை. சனலை 1க்கும் 11க்கும் மாத்தினோம், மாற்றமில்லை. ஒழுங்கைக் கூட்டமும் காரணமில்லை. அடப்டர் பலவீனமானால் பெட்டி இப்படிக் கூத்தாடும் என்று கேள்விப்பட்டு, அதே 12 வோல்ட், அதே அம்பியரில் ஒன்று இரவல் வாங்கிப் போட்டோம். (வோல்ட் கூடினதைப் போட்டால் பெட்டி எரியும். அம்பியர் கூடினால் பரவாயில்லை, குறையக்கூடாது.) அதுக்கும் மசியவில்லை. பிறகு ஒரு போயா விடுமுறைக்கு நாலு பேர் ஊருக்குப் போக, மூன்று நாளும் பெட்டி ஒரு தரமும் நிற்கவில்லை. திரும்பி வந்த இரவே செத்தது. மேசை ஃபானை அதுக்கு நேரே பிடித்தால் கூட நேரம் ஓடியது. ஏழு போன், ஐந்து லப்டொப், அன்ரியின் போன், மகனின் போன், ரிவி: 15 சாதனம். அந்தப் பழைய பெட்டியின் வைபைப் பகுதிக்கு அந்தச் சுமையும் சூடும் தாங்கவில்லை. அவ்வளவுதான் கதை. இதைக் கண்டுபிடிக்க எங்களுக்குச் செலவு ஒரு கொப்பி.

இதுக்கிடையில் ரெக்னீசியன் ஒருவர் வந்தார். "வீட்டில ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லையோ?" என்றுதான் தொடங்கினார். நாங்கள் ஐந்து பேர் கொப்பியோடு நிற்கிறோம். அவர் அன்ரியின் மகனைக் கூப்பிட்டு, ஓ.எல் படிக்கிற அந்தப் பொடியனுக்கு விளங்கப்படுத்தினார். பொடியன் பாவம், எங்கட முகத்தைப் பார்த்தான். "அக்கா, நீங்கள்தானே எழுதி வச்சிருக்கிறியள்" என்று கொப்பியை வாங்கிக் குடுத்தான். ரெக்னீசியன் இரண்டு பக்கம் புரட்டினார். கெட்டவர் இல்லை, ஒரு நாளைக்கு எத்தனை வீடு ஏறி இறங்குகிறாரோ. "லைன் சரிதான், பெட்டி பழசு. ஆனா முழுசா சாகும் மட்டும் மாத்தித் தரமாட்டினம்" என்று உண்மையைச் சொன்னார். ஹொட்லைன் மூன்று முறையும் சொல்லாத உண்மை.

பெட்டையளுக்கும் கலைப்பீடத்துக்கும் இது சரிவராது என்கிற எண்ணம் ரெக்னீசியனோடு முடிகிறதில்லை. எங்கட பற்ச் வட்ஸ்அப் குழுவிலும் "யாராவது ஐடி தெரிஞ்ச அண்ணா இருக்கிறாரா" என்றுதான் கேட்பார்கள். அந்த அண்ணா வருவார், எங்கட போனை வாங்குவார், பாஸ்வேர்ட் கேட்பார், ஐந்து நிமிசத்தில் என்னவோ செய்வார், போவார். என்ன செய்தார் என்று ஒருத்தருக்கும் தெரியாது. ரவுட்டரின் நிர்வாகப் பாஸ்வேர்ட் இப்ப அவரிடம். ஏழு பெட்டையள் இருக்கிற வீட்டின் பாஸ்வேர்ட் யாரிடம் இருக்கிறது என்பது சின்ன விசயமா? நாங்கள் அந்தப் பக்கத்துக்குள் முதல் தரம் போனபோது, இரண்டு வருசத்துக்கு முதல் வெளிக்கிட்ட யாருடையதோ போன் பெயர்கூட இணைப்புப் பட்டியலில் இருந்தது. பழைய ஆக்கள் ஒழுங்கையால் போகும்போது அவர்களின் போன் தானாக ஒட்டிக்கொள்கிறது. பாஸ்வேர்டை மாத்தினோம். டபிள்யூ.பி.எஸ் என்கிற பொத்தான் வசதியையும் பூட்டினோம். அது கதவுக்குத் திறப்பைப் போட்டுவிட்டு ஜன்னலைத் திறந்து வைக்கிற வேலை.

இனி மாத்துகிற கதை. ரவுன் கடைகளில் முதலில் காட்டுவது அன்ரனாவின் எண்ணிக்கையை. ஆறு கொம்பு, எட்டுக் கொம்பு. சிலந்தி மல்லாக்கக் கிடக்கிற மாதிரி ஒரு பெட்டியைக் காட்டி, கேமிங் என்றார்கள். கொம்பை எண்ணிப் பிரயோசனமில்லை. பெட்டியில் 1200 என்று எழுதியிருந்தால் அது ஒரு போனுக்குக் கிடைக்கிற வேகமும் இல்லை. இரண்டு அலைவரிசையின் தாள் கணக்கு வேகத்தை, 300ஐயும் 867ஐயும், கூட்டி வட்டமாக்கின இலக்கம். கேட்கவேண்டியவை வேறு: 5 கிகாஹேர்ட்ஸ் இருக்கா, அக்சஸ் பொயின்ற் முறையில் ஓடுமா, மென்பொருளுக்கு இன்னும் புதுப்பிப்பு வருகுதா, உத்தரவாதம் எத்தனை வருசம். காசு இருந்தால் வைபை 6. கன சாதனம் இருக்கிற வீட்டை அது நல்லாகச் சமாளிக்கும். எங்களுக்கு வைபை 5 தான் கட்டியது. 10,500 ரூபா, தலைக்கு 1,500. பெரிய பக்கேஜின் ஏழரை மாதக் காசு. ஏழரை என்றதும் சனியன் ஞாபகம் வந்தால் நாங்கள் பொறுப்பில்லை.

கொம்பனியின் பெட்டியை நாங்கள் கழற்றவில்லை. வெளிச்சத்தை உள்ளே எடுக்கிற வேலையை அது பார்க்கட்டும் என்று விட்டு, அதின் வைபையை மட்டும் அணைத்தோம். நீளக் கேபிள் ஒன்றைச் சுவரோரம் இழுத்து, புதுப்பெட்டியை வீட்டு நடுவில் உயரத்தில் வைத்து, அக்சஸ் பொயின்றாக மாத்தினோம். அப்படி மாத்தாமல் விட்டால் இரண்டு பெட்டியும் தனித்தனியே முகவரி பங்கிடும். பிறினரும் ரிவியும் ஒன்றையொன்று காணாமல் திரியும். பழைய வைபைப் பெயரும் புதிய பாஸ்வேர்டும். அன்று இரவு ஏழு, எட்டு, ஒன்பது. பிங் ஓடிக்கொண்டே இருந்தது. ஆறு மாதமாகிறது. ஒரு தரம் நின்றது. அது ஒழுங்கை முழுக்கக் கரண்ட் போன நாள். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டுப் பார்த்த சனம் நாங்கள், அதுக்கும் 12 வோல்ட் குட்டி யூ.பி.எஸ் ஒன்றுக்குச் சீட்டுப் பிடிக்கிறோம். இடி மின்னல் நேரம் மட்டும் பிளக்கைக் கழற்றிப் போடுகிறோம். ஃபைபரால் மின்னல் வராது, கரண்ட் வயரால் வரும்.

எல்லா வீட்டுக்கும் இந்த வைத்தியம் சரிவராது என்பதையும் சொல்லவேணும். எங்களில் இரண்டு பேர் வன்னி. அவர்களின் வீட்டில் ஃபைபர் இல்லை. சிம் போட்ட 4ஜி பெட்டி. அதில் லைன் என்பதே ஆகாயம். பெட்டியின் பக்கத்துக்குள் போனால் சிக்னலின் பலம் கழித்தல் இலக்கத்தில் தெரியும். -85 என்றால் நல்லது, -110 என்றால் கஷ்டம். பெட்டியை ரவர் பக்க ஜன்னலுக்கு நகர்த்தினாலே பத்துப் புள்ளி ஏறும். ஆனால் சிக்னல் நல்லாக இருந்தும் பின்னேரத்தில் மட்டும் படுத்தால் ரவரில் நெரிசல். அதுக்கு ஒரு வீட்டுக்காரர் எத்தனை பெட்டி வாங்கினாலும் ஆகாது. ஹொட்லைன் அவர்களுக்கும் சொல்லுவது நிப்பாட்டிப் போடச் சொல்லித்தான்.

இதில் எங்களுக்கு உள்ள கோபம் பெட்டி பழுதானதில் இல்லை. எந்தப் பெட்டியும் பழுதாகும். லைன் சுகமாக இருக்கு என்பது கொம்பனிக்கு அங்கிருந்தே தெரியும். ஃபைபரில் வெளிச்சத்தின் பலத்தை அவர்களால் தங்கள் திரையில் பார்க்க முடியும். அந்த ஒரு வசனத்தை, "உங்கட லைன் சரி, பழுது வீட்டுக்குள்ளதான்" என்று, தமிழில் சொல்லியிருந்தால் இரண்டு மாதம் மிஞ்சியிருக்கும். அதைச் சொல்லாமல் பக்கேஜ் விற்கப் பார்த்தார்கள்.

ஜேர்மனியில் 2016 ஆவணி முதலாம் திகதியில் இருந்து, எந்த ரவுட்டரைப் பாவிப்பது என்று வாடிக்கையாளரே தீர்மானிக்கலாம் எனச் சட்டம். கொம்பனியின் எல்லை சுவரில் இருக்கிற சொக்கற்றோடு முடிகிறது. இணைப்புக்குத் தேவையான விபரங்களை அவர்கள் கேட்காமலே தரவேணும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015ஆம் ஆண்டு விதியும் விரும்பின சாதனத்தைப் பாவிக்கிற உரிமையைச் சொல்கிறது. அங்கேயும் கொம்பனிகள் சும்மா விட்டுக்குடுக்கவில்லை. பெட்டியும் தங்கள் வலையமைப்பின் ஒரு பகுதி என்று வாதாடினார்கள். அந்த வாதத்தில் ஞாயம் கொஞ்சம் இருக்கு: நூறு வகைப் பெட்டிக்கு ஒரு ஹொட்லைனால் பதில் சொல்ல முடியாது, சனம் பிழையாகப் பூட்டிவிட்டுக் கொம்பனியைத் திட்டும். சரி, அப்ப எங்கட பெட்டிக்கு நாங்கள் பொறுப்பு, சொக்கற் வரைக்கும் நீங்கள் பொறுப்பு என்று எழுதுவோம். தரமில்லாத பெட்டி வரும் என்கிற பயத்துக்கும் பதில் இங்கேயே இருக்கு: வயர்லெஸ் சாதனங்களுக்கு அங்கீகாரம் குடுக்கிற வேலையை இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு ஏற்கெனவே செய்கிறது. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இருக்கிற அந்த ஆணைக்குழுவால் இன்னும் ஒரு படி மேலே போக முடியும்.

அதனால் அன்ரியின் கையெழுத்தோடு இரண்டு கடிதம் அனுப்பியிருக்கிறோம், கொம்பனிக்கு ஒன்று, ஆணைக்குழுவுக்கு ஒன்று. கேட்டது மூன்று விசயம். முறைப்பாடு எடுத்தவுடன் லைனைச் சோதித்து முடிவை எழுத்தில், முறைப்பாடு செய்தவரின் மொழியில் தரவேணும். அந்தச் சோதனைக்கு முதல் பெரிய பக்கேஜ் விற்கக்கூடாது. சொந்தப் பெட்டி பூட்ட விரும்புகிறவருக்கு இணைப்பு விபரங்களை மறைக்கக்கூடாது. கொப்பியின் பதினொரு பக்கத்தையும் போட்டோக்கொப்பி அடித்துப் பின்னால் குத்தினோம். ஆணைக்குழுவுக்குத் தமிழில் மட்டும்தான் எழுதினோம். பதில் எந்த மொழியில் வருகிறது என்று பார்க்கவேணும். இது எழுதுகிற நாள் வரை இரண்டில் ஒன்றுக்கும் பதில் வரேல்லை.